தட்டுப் பிறேக் சைக்கிளுக்கு மட்காட்

மாரி காலத்துக் காலை வேளையிலே பாடசாலை வாயிலில் நிற்கும் அதிபர் ஒருவருக்கு ஒரு காட்சி தவறாது புலப்படும். வெண்ணிறச் சீருடை அணிந்து சைக்கிளில் வந்து இறங்கும் பிள்ளைகளுட் சிலரின் முதுகிலே, இடுப்புத் தொடங்கிப் பிடரி வரைக்கும், செம்மண் கோடு ஒன்று அடிமட்டம் வைத்து வரைந்தது போல நேராக ஓடியிருக்கும். இதில் விந்தை யாதெனில், பாட்டனார் காலத்துப் பழைய வண்டியில் வரும் பிள்ளை மழையில் நனைந்து வருமேயன்றிச் சேறு பூசி வருவதில்லை. விலை கூடிய புது வண்டியில் வரும் பிள்ளையே அந்தக் கோட்டைச் சுமந்து வருகிறது.

காரணம் வெளிப்படை. புது வண்டிகளுக்குத் தட்டுப் பிறேக் உண்டு, மட்காட் இல்லை. கடையிற் கேட்டால், "டிஸ்க் பிறேக்குக்கு மட்காட் பூட்ட ஏலாது" என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கிறது. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது நம்மிற் பலர் அவசரமாக வாங்கிய வண்டிகளுள்ளும் இத்தகையவை பல. அந்தப் பதில் முழுப் பொய்யன்று, முழு உண்மையுமன்று. அது எவ்வளவு உண்மை என்பதை நான் அறிந்துகொண்ட வரலாற்றையே இன்று சொல்லப் போகின்றேன். நான் கலைப்பட்டதாரி, பொறியியலாளன் அல்லேன். பிழை செய்து கற்றவன் என்ற தகுதி மட்டுமே இவ்விடயத்தில் எனக்கு உண்டு.

எங்கள் பாடசாலையிலே பத்தாந் தரத்தில் ஒரு மாணவி. வீடு 6 கிலோமீற்றர் தூரத்தில். கார்த்திகை மாதத்து இடாப்பைப் புரட்டியபோது, மழை பெய்த நாளுக்கு மறுநாள்தோறும் அவள் வரவில்லை என்பது தெரிந்தது. அழைத்து விசாரித்தேன், பேசவில்லை. தாயாரே வந்து சொன்னார்: "பிள்ளைக்கு ரெண்டு சட்டைதான், ஐயா. சேறு பட்டதைத் தோய்ச்சுப் போட்டால் இந்த மழைக்குக் காயுதில்லை." வண்டி, கொழும்பில் வேலை செய்யும் தமையன் வாங்கி அனுப்பியது. நல்ல வண்டி. மட்காட் மாத்திரம் இல்லை.

"இவ்வளவுதானே, சனிக்கிழமை வண்டியைக் கொண்டு வரச் சொல்லுங்கள்" என்றேன். துணிச்சலுக்கு அறியாமையே சிறந்த துணை.

பழைய வண்டியின் பிறேக் சில்லின் விளிம்பைப் பற்றும். ஆகவே சில்லின் நடுப்பகுதி, அதாவது அச்சுப் பக்கம், வெறுமையாயிருக்கும். மட்காட்டைத் தாங்கும் கம்பிகள் இரு புறமும் அச்சருகிலிருந்து தடையின்றிப் புறப்பட்டு மேலே செல்லும். தட்டுப் பிறேக்கிலோ, சில்லின் குடத்தோடு இடப்புறத்தில் ஓர் உருக்குத் தட்டு பூட்டப்பட்டிருக்கிறது. பொதுவாக அதன் விட்டம் 160 மில்லிமீற்றர். அந்தத் தட்டை இரு கட்டைகளுக்கிடையே நெரித்து நிறுத்தும் கவ்வி ஒன்று சட்டத்தின் மேல் இருக்கிறது. இதனைக் கலிப்பர் என்பர். மோட்டார் வண்டிக்கு இவ்வகைப் பிறேக்கை லான்செஸ்டர் என்னும் ஆங்கிலேயர் 1902இலேயே காப்புரிமை செய்துவிட்டார். 1953இல் லே மான்ஸ் ஓட்டப் போட்டியை வென்ற ஜாகுவார் காரிலும் அது இருந்தது. சைக்கிளுக்கு அது நெடுங்காலம் கழித்தே வந்தது. வீதிச் சைக்கிளோட்டப் போட்டிகளில் அனைத்துலகச் சங்கம் அதனை முறைப்படி அனுமதித்ததே 2018இல்தான். மழையிலே விளிம்புப் பிறேக் வழுக்கும். தட்டுப் பிறேக் பற்றும். ஆகவே நம் மாரிக்கு ஏற்றது அதுவே. அதைப் பழித்துப் பயனில்லை.

ஆனால் அந்தக் கவ்வி உட்கார்ந்திருக்கும் இடம், மட்காட்டின் இடப்புறக் கம்பி தொன்றுதொட்டுப் போய்வந்த பாதை. முழுச் சிக்கலும் இவ்வளவே. வலப்புறத்திற் சிக்கல் எதுவுமில்லை. இடப்புறத்தில், நாலு விரற்கடை இடத்தில், ஒரு கம்பிக்கும் ஒரு கவ்விக்கும் வழக்கு.

அந்த வழக்கை நான் தீர்த்த விதத்தைக் கேளுங்கள். பின் சில்லின் கவ்வியைச் சட்டத்தோடு பிணைத்திருந்த இரண்டு ஆணிகளுள் ஒன்றைக் கழற்றினேன். மட்காட் கம்பியின் நுனி வளையத்தை அதில் மாட்டி, மீண்டும் இறுக்கினேன். கம்பி நேராக நின்றது. பார்க்க அழகாயிருந்தது. திங்கட்கிழமை மழை பெய்தது. பிள்ளை வெள்ளைச் சட்டை வெள்ளையாகவே வந்து இறங்கினாள். ஆசிரியர் அறையிலே நான் சற்று நிமிர்ந்து நடந்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டுப் போகையில், ஒழுங்கை முடக்கில் அவளுடைய பின் பிறேக் கைவிட்டது. முன் பிறேக்கைத் தனியே இறுக்க அஞ்சிய பிள்ளை, காலை ஊன்றி, கிளுவை வேலிக்குள் வண்டியோடு போய் விழுந்தாள். முழங்கையில் உராய்வு, வேறொன்றுமில்லை. அந்த வேளை முடக்கால் ஒரு வாகனமும் வரவில்லை என்பது எங்கள் நற்பேறு. பெற்றோர் என்னைக் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாயிருந்திருக்கும்.

வண்டியை உருட்டிக்கொண்டு, சந்தியிலே நாற்பது ஆண்டுகளாகச் சைக்கிள் திருத்தும் பெரியவரிடம் சென்றேன். அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இது ஆர் பூட்டினது, ஐயா?" என்றார். "நான்தான், அண்ணை" என்றேன். சிறிது நேரம் ஒன்றும் பேசாதிருந்துவிட்டு, "பிறேக்கைப் பிடிச்சிருக்கிற ஆணியில வேற ஒண்டையும் தூக்கப்படாது" என்றார்.

அவர் விளக்கியது இது. ஆணியின் தலைக்கும் கவ்விக்கும் இடையில் நான் கம்பி வளையத்தைச் செருகியதால், அவ்வளவு தடிப்புக்கு ஆணி வெளியே வந்துவிட்டது. உள்ளே பற்றியிருக்கும் மரை குறைந்துவிட்டது. அதன் மேல், குழியும் கல்லும் நிறைந்த வீதியில் மட்காட் ஓயாமல் நடுங்குகிறது. அந்த நடுக்கம் கம்பி வழியே ஆணிக்கு வந்து, நாடோறும் அதைச் சிறிது சிறிதாகத் தளர்த்துகிறது. ஐந்தாம் நாள் கவ்வி தன்னிடம் விட்டு அசைந்தது. மட்காட்டைச் சட்டம் தாங்க வேண்டும், பிறேக் தாங்கலாகாது. நேயர்கள் இன்று நான் சொல்பவற்றுள் இதை மாத்திரம் மறவாதிருந்தாற் போதும்.

அப்படியாயிற் கம்பியை எங்கே கட்டுவது? முதலில் சட்டத்தைத் துடைத்துத் தேட வேண்டும். பல வண்டிகளில், 5 மில்லிமீற்றர் ஆணி ஏறத்தக்க மரையிட்ட துளைகள் அச்சருகிலோ, முன் கவையின் கால்களில் கவ்விக்கு மேலாகவோ இருக்கும். வர்ணமும் சேறும் அடைத்திருப்பதால் நாம் காண்பதில்லை. சில வண்டிகளில் பின் கவ்வி இரு சட்டக் குழாய்களின் இடையே உள்ளடங்கி இருக்கும். அவற்றிற் பின்பக்கத் துளைக்கு இடைஞ்சலே இல்லை. கவ்விக்கு மேலே துளை அமைந்திருந்தால் கம்பியை அளவுக்கு வெட்டி அங்கே பூட்டிவிடலாம்.

அந்த மாணவியின் வண்டியில், துளை கவ்விக்கு நேர் கீழே இருந்தது. கம்பி நேராக எழுந்தாற் கவ்வியில் இடிக்கும். இதற்குப் பெரியவர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, ஆணிக்கு ஒரு சிறு குழாய்த் துண்டை அணிவித்து, கம்பியைச் சட்டத்திலிருந்து 15 மில்லிமீற்றர் அளவுக்கு வெளியே தள்ளி நிறுத்துவது. அதற்கேற்ப நீண்ட ஆணி வேண்டும். மற்றொன்று, கம்பியையே இரண்டு இடத்தில் வளைத்து, கவ்வியைச் சுற்றிப் போகச் செய்வது. எங்கள் வண்டிக்கு இரண்டாவதையே செய்தோம். கம்பியை வைசிலே பிடித்து, ஒரே முறையில் வளைக்க வேண்டும். வளைத்து, நிமிர்த்தி, மீண்டும் வளைத்தால் அந்த இடத்திலேயே ஒருநாள் முறியும். வளைவு வெளிப்புறமாக இருத்தல் அவசியம். உட்புறமாயின் தட்டிலே உரசும். நான் முதலில் வளைத்த கம்பி வீணாயிற்று. இரண்டாவதைப் பெரியவர் என் கையில் தராமல் தாமே வளைத்தார்.

துளையே இல்லாத வண்டியும் உண்டு. அதற்கு, உட்பக்கம் ரப்பர் வைத்த தகட்டுப் பட்டியைக் கவ்விக்கு மேலே கவைக்காலைச் சுற்றி இறுக்கி, அதிற் கம்பியைப் பூட்டலாம். பட்டிக்குள் பிறேக் வயர் அகப்பட்டு நெரியாதபடி பார்த்துக்கொள்க. கார்பன் என்னும் இழைப்பொருளாற் செய்த கவையாயின் பட்டியைக் கொண்டு இறுக்குதல் ஆகாது.

ஆணியின் உள்நுனியையும் கவனிக்க வேண்டும். வெளியே இருந்து நாம் காண்பது ஆணியின் தலை. தீங்கு செய்வது அதன் வால். இடப்புறத்தில் அது தட்டை நோக்கி நீளும். பின் சில்லின் வலப்புறத்திலோ, மிகச் சிறிய பற்சில்லில் ஓடும் செயினைப் போய்த் தொடும். நீண்டதை அரிந்து, அரத்தால் தேய்த்துவிட வேண்டும். ஆணிக்கு வாசரும், உள்ளே நைலோன் வளையம் வைத்த சுரையும் இட்டால் எளிதில் தளராது.

முன் கவை வில் வைத்ததாயின் வேறொரு கவனம் வேண்டும். கவையின் கீழ்க்கால்கள் சில்லோடு சேர்ந்து ஏறி இறங்கும். மேற்பகுதி அசையாது நிற்கும். மட்காட்டின் தலையை மேலேயும் கம்பியைக் கீழேயும் கட்டினால், முதலாவது குழியிலேயே ஒன்று நெளியும் அல்லது ரயரில் இடிக்கும். எல்லாக் கட்டும் அசையும் பகுதியிலேயே இருக்க வேண்டும். இரு கீழ்க்கால்களையும் இணைக்கும் வளைவிற் பூட்டும் குறுமட்காட் இதற்கென்றே விற்பனையாகிறது.

அளவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வேன். வீட்டிற் கிடக்கும் பழைய 28 அங்குல வண்டியின் மட்காட்டை 26 அங்குலச் சில்லுக்குப் போட்டால் வளைவு ஒத்து வராது. ரயரின் அகலத்திலும் மட்காட் 8 அல்லது 10 மில்லிமீற்றர் கூடியிருக்க வேண்டும். ரயருக்கும் அதற்கும் இடைவெளி 10 மில்லிமீற்றருக்குக் குறையலாகாது. செம்மண் நிலத்திலும் வயற்கரையிலும் ஓடுபவர் 15 மில்லிமீற்றருக்கு மேல் விடுவதே நன்று. களி அடைத்துச் சில்லைப் பிடித்துவிடும். இதனாலேயே மட்காட்டைக் கழற்றி எறிந்த கமக்காரரை நான் அறிவேன். அவர் செய்தது பிழையென்று சொல்ல மாட்டேன். அவர் வெள்ளைச் சட்டை போட்டு வயலுக்குப் போவதில்லை.

முன் மட்காட்டின் கம்பி, தடி ஒன்று சில்லில் அகப்பட்டால் தானே கழன்றுகொள்ளும் பிளாஸ்டிக் பிடியோடு வருமாயின், அதைக் கழித்துவிட்டு இரும்பால் இறுக்க வேண்டாம். முன் மட்காட் மடிந்து சில்லோடு இறுகினால், ஓட்டுபவர் கைபிடிக்கு மேலாகத் தலைகீழாக விழுவார். அப்பிடி பலவீனமாகச் செய்யப்பட்டது வேண்டுமென்றே.

இன்னொரு எச்சரிக்கை, எண்ணெய். துருப்பிடித்த ஆணிக்கு எண்ணெய் விடுவது நம் வழக்கம். அதில் ஒரு துளி தட்டிலே பட்டாலும் பிறேக் கிறீச்சிடும், பிடிக்காது. எண்ணெய்த் துணியால் வண்டி முழுவதையும் பளபளக்கத் துடைக்கும் பிள்ளைகளுக்கு, தட்டை மட்டும் தொடாதே என்று சொல்லி வைக்க வேண்டும். பட்டுவிட்டால், சுத்தமான துணியில் மதுசாரம் நனைத்துத் துடைக்கலாம். வேலைக்காகச் சில்லைக் கழற்றியிருக்கும்போது பிறேக்கை அழுத்தவும் கூடாது. எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பிறேக்காயின் கட்டைகள் இரண்டும் நெருங்கி நின்றுவிடும். தட்டு உள்ளே போகாது. மடித்த மட்டையொன்றை இடையிலே வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

இத்தனை பாடு எதற்கு, ஆசனத் தண்டிலே கொளுவிவிடும் பிளாஸ்டிக் மட்காட் மலிவாகக் கிடைக்கிறதே என்று நேயர் ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. முதுகுக் கோட்டை மாத்திரம் தடுக்க அது போதும். பிறேக்கின் அருகே கூடப் போகாது. வளர்ந்தவர்களுக்கு நானும் அதையே சொல்வேன். ஆனால் அந்தப் பிள்ளை உயரம் குறைந்தவள். ஆசனம் அடிவரை இறக்கப்பட்டிருந்தது; கொளுவுவதற்குத் தண்டு வெளியே தெரியவில்லை. சிறு பிள்ளைகள் பெரிய வண்டி ஓட்டும் நம் வீடுகளில் இது பலருக்கும் நேரும்.

பூட்டி முடித்தபின், பெரியவர் சில்லைத் தூக்கிச் சுழற்றிவிட்டு, காதைக் கிட்ட வைத்துக் கேட்டார். கைபிடியை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்தார். பிறேக்கைப் பத்துத் தடவை பலமாக அழுத்தினார். பின்பு வண்டியை ஒழுங்கையில் ஓடிக் காட்டச் சொன்னார், பிள்ளையை அல்ல, என்னை. ஒரு வாரம் ஓடியபின் எல்லா ஆணியையும் மறுபடி இறுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். அந்த ஒரு வாரமும் நாடோறும் வாயிலில் நிறுத்தி நானே இறுக்கிப் பார்த்தேன்.

அடுத்த மழைக்குப் பிள்ளை வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். சட்டையிற் சேறில்லை. சப்பாத்து மட்டும் செம்மண்ணில் தோய்ந்திருந்தது. முன் மட்காட்டின் அடிநுனியில் தொங்கவிடும் ரப்பர்த் துண்டை நாங்கள் மறந்துபோயிருந்தோம். பழைய ரயர் ரியூபில் ஒரு சாண் நீளம் வெட்டி, இரண்டு துளையிட்டு, இடைவேளையின்போது அவளே பூட்டிக்கொண்டாள்.