உதவியும் நிபந்தனையும்

 

சங்கத்தின் ஐம்பதாண்டுப் பெருமைகளைப் பேச மூத்தவர்கள் இருக்கிறார்கள். இளம் வியாபாரிகளான நாங்கள், கல்லாவில் நின்று பார்ப்பதைச் சொல்கிறோம்.

2025 ஆகஸ்டு 31 முதல், 18 வயது நிறைந்த மலேசியர் ஒவ்வொருவருக்கும் அரசாங்கம் 'சாரா' உதவியாக 100 வெள்ளியை மைகார்டில் போட்டது. ஏறத்தாழ 2 கோடியே 20 லட்சம் பேருக்கு. ரொக்கமாக எடுக்க முடியாது. அரிசி, முட்டை, ரொட்டி, மருந்து, சவுக்காரம், பள்ளிச் சாமான் போன்றவைக்கு மட்டுமே செல்லும், சிகரெட்டுக்குச் செல்லாது. வறிய குடும்பங்களுக்கு மாதந்தோறும் வருகிற சாராவும் இப்படித்தான்.

இதைப் பார்த்துவிட்டு, "நம் சங்கத்தின் உதவி நிதியையும் இப்படியே கொடுத்தால் என்ன? ரொக்கம் கொடுத்தால் ஊதித் தள்ளுகிறார்கள், கைத்தொலைபேசித் தவணை கட்டுகிறார்கள்" என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கொடுப்பவர் பாடுபட்டுச் சேர்த்த பணம் அல்லவா?

ஆனால் கடைக்காரனுக்கு ஒரு கணக்குத் தெரியும். அரிசிக்குக் கார்டை நீட்டுகிறவர், அரிசிக்கென்று வைத்திருந்த பணத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்கிறார். அது சிகரெட்டுக்குப் போகுமா, பிள்ளையின் பஸ் கட்டணத்துக்குப் போகுமா என்பதைக் கார்டு தீர்மானிப்பதில்லை. மறுபக்கம், இரண்டு மாத வாடகை பாக்கி வைத்திருக்கும் விதவைத் தாய்க்கு அரிசி மூட்டையாகவே கொடுத்தால், பாதி விலைக்கு விற்றுத்தான் வாடகை கட்டுவார். அப்படி விற்க வந்தவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். அவர்களை ஊதாரிகள் என்று சொல்ல வாய் வரவில்லை. அவர்கள் தேவை நம் பட்டியலில் இல்லை, அவ்வளவுதான்.

அபூதாவூது நூலில் பதிவாகியுள்ள நிகழ்ச்சி உங்களுக்குத் தெரியும். உதவி கேட்டு வந்த அன்சாரித் தோழரிடம், வீட்டில் என்ன இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். ஒரு துணியும் ஒரு பாத்திரமும். இரண்டையும் ஏலம் விட்டு இரண்டு திர்ஹம் வாங்கினார்கள். கோடரி வாங்கி, விறகு வெட்டி விற்று, 15 நாளில் அவர் பத்து திர்ஹம் சம்பாதித்ததை எல்லா மேடையிலும் சொல்கிறோம். ஆனால் முதல் திர்ஹம் எங்கே போனது? வீட்டாருக்கு உணவு வாங்கிக் கொடுக்கச் சொன்னார்கள். கோடரி அதற்குப் பிறகுதான். அதற்குக் காம்பு போட்டதும் நபியவர்களின் கை.

நம் நிதிக்கும் இந்த வரிசையையே கேட்கிறோம். சாப்பாடு, வாடகை, மருந்து என்று வருகிறவரிடம் தேவை உண்மையா என்று மட்டும் விசாரிப்போம். உண்மையென்றால் ரொக்கமாகக் கொடுப்போம். கணவர் பணத்தை அழிப்பவர் என்று தெரிந்தால் மனைவி கையில் கொடுப்போம். தையல் மெஷின், தள்ளுவண்டி, லாரி லைசென்ஸ், கல்லூரிக் கட்டணம் என்றால் நிபந்தனை வைக்கலாம், வைக்கத்தான் வேண்டும். பணத்தை விற்பவரிடமோ கல்லூரியிலோ நேரே கட்டுவோம். மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்ப்போம். காம்பு போடுவது நம் பங்கு: கணக்கு எழுதச் சொல்லித் தருவது, முதல் கொள்முதலுக்குச் சரக்கைக் கடனாகக் கொடுப்பது. பாலிடெக்னிக் படித்துவிட்டுக் கடைக்கு வந்த எங்களைப் போன்றவர்கள் இதையாவது செய்யலாம்.

நிபந்தனை வாங்குகிறவருக்கு மட்டும் உரியதா என்ன? காதர் மொஹிதீன் மரைக்காயர் 1801இல் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளி இதே ஊரில்தான் இருக்கிறது. நம் ஊர் வக்ஃபு, கோயில் சொத்துகளின் நிர்வாகம் சீர்கெட்டதால் 1905இல் சட்டம் போட்டு, அறநிலைய வாரியத்தின் கையில் அவற்றை ஒப்படைத்தார்கள். அன்று கணக்குக் கேட்கப்பட்டது ஏழைகளிடம் அல்ல, பொறுப்பாளர்களிடம். ஹோட்டல் மண்டபத்தில் மூன்று வேளை விருந்து வைத்துக் கல்யாணம் நடத்தும் நாம், அடுத்தவர் தவணை கட்டுவதைப் பேசுவதும் கொஞ்சம் அதிகம்தான்.

இன்னொன்று. அரிசிப் பையைக் கையில் கொடுத்து, வரிசையாக நிறுத்திப் படம் எடுக்கிறோமே, எழுதி வைக்காத நிபந்தனை அதுவும். பிள்ளைகள் பள்ளியில் அந்தப் படத்தைப் பார்க்கிறார்கள். உதவி பெற்றவர்களின் படம் ஒன்றுகூட இந்தப் பொன்விழா மலரில் வரவேண்டாம் என்று மலர்க் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம். அந்தப் பக்கங்களில் நிதியின் வரவு செலவுக் கணக்கைப் போடுங்கள்.