வாசலுக்கு மாத்திரை வந்தது, கட்டிலண்டைக்கு ஆள் எங்கே?

(தோவாளை வட்டாரத்தில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



கும்பப்பூ அறுப்புதான் நாம் நாலு காசு கண்ணால் காணும் காலம். அந்த நேரத்தில் வீட்டில் பெரியவர் ஒருவர் பக்கவாதத்தில் படுத்துவிட்டால் என்ன நடக்கிறது? மகளோ மருமகளோ வேலைக்குப் போகாமல் நிற்கிறாள். அவள் இழக்கும் கூலி எந்தச் சர்க்கார் கணக்கிலும் ஏறுவதில்லை.

இரத்தக் கொதிப்பு கள்ளனைப் போல வரும் நோய். வலிக்காது. வலிக்காத நோய்க்காக ஒருநாள் கூலியை விட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க மனம் வராது; வயிறும் விடாது. மாத்திரை ஒரு மாதம் தவறும், இரண்டு மாதம் தவறும். பிறகு ஒருநாள் காலையில் வாய் கோணும், கை தூக்க வராது. பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லைதான். படுத்த கிழவரை ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரிக்கு எந்தப் பஸ்ஸில் ஏற்றுவது?

ஆகவேதான், 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நல்ல திட்டம் என்கிறோம். யார் கொண்டுவந்தாலும் நல்லது நல்லதுதான். கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் வீட்டில் மாத்திரை. படுத்தவர்களுக்கு உடற்பயிற்சிச் சிகிச்சை, வலி தணிக்கும் பராமரிப்பு. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு வீட்டிலேயே டயாலிசிஸ் செய்யும் பைகள். இத்தனையும் திட்டத்தில் உண்டு. நம் தெருவுக்கு இதில் எது, எத்தனை நாளைக்கொருமுறை வருகிறது? அதுதான் கேள்வி.

மாத்திரை கொண்டுவரும் சகோதரி யார்? நம்மைப் போன்ற வீட்டுப் பெண்தான். அவருக்குப் பட்டம் ‘தன்னார்வலர்’, கொடுப்பது ‘ஊக்கத்தொகை’. வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கி, பிரஷர் பார்த்து, கணக்கு எழுதுவது ஆர்வமா, வேலையா? அங்கன்வாடிப் பெண்களையும் இப்படித்தான் ‘கௌரவ ஊழியர்’ என்றார்கள். அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று 2022 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பளித்தது.

மலபாரைப் பாருங்கள். 1956 நவம்பர் 1 வரை அவர்கள் சென்னை ராஜ்யத்தில், நாம் திருவாங்கூர்-கொச்சியில். அன்றுதான் இடம் மாறினோம். கோழிக்கோட்டில் 1993இல் சில டாக்டர்கள் புற்றுநோயாளிகளின் வலி தணிக்கச் சங்கம் அமைத்தார்கள். சில ஆண்டுகளில் மலப்புறத்தில் சாதாரண ஜனங்களே பயிற்சி பெற்று, படுக்கையில் கிடப்பவர்களின் வீடுகளுக்குப் போனார்கள். 2008இல் இடதுசாரி சர்க்கார் இதைக் கொள்கையாகவே அறிவித்தது. புண்ணைக் கழுவி, குழாய் மாற்றி, வலிக்கு மருந்து கொடுக்கும் நர்ஸ், பஞ்சாயத்துச் செலவில் வீட்டுக்கு வருகிறார். அங்கே நடப்பது இங்கே ஏன் நடக்காது?

மே 1 அன்று கிராம சபை கூடும். கொடியேற்றம் முடிந்ததும் அங்கே போங்கள். அதற்கு முன் கிளைத் தோழர்கள் தெருத்தெருவாகப் போய், எழுந்து நடமாட முடியாதவர் யார், பார்க்க ஆள் உண்டா, கடைசியாக நர்ஸ் வந்த நாள் எது என்று எழுதி எடுங்கள். பஞ்சாயத்துக்கு ஒரு நர்ஸ், நாம் வயலுக்குப் போகுமுன் வருகை, வீடு தேடி வரும் பெண்களுக்கு ஊழியர் அந்தஸ்தும் மாதச் சம்பளமும் என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பட்டியலின் ஒரு நகல் தாலுகா கமிட்டிக்கு வரட்டும்.