படைமுகாமிலிருந்து பட்டமேடைக்கு



படைப்பணி முடித்துப் பல்கலைக்கழகப் பட்டமும் பெற்று வந்துள்ள நம் சகோதரர்களைப் பாராட்டக் கூடியிருக்கிறோம்.

அண்ணல் அம்பேத்கர் 1891இல் பிறந்தது மாவ் படைமுகாமில். தந்தையார் சுபேதார் இராம்ஜி சக்பால் படைப்பள்ளித் தலைமையாசிரியர். ஊர்ப்பள்ளிகள் நம்மவரை வாசலில் நிறுத்திய காலத்தில் அக்குடும்பத்திற்கு எழுத்தைக் கொடுத்தது படைதான். அந்த எழுத்தே மகனை 1913இல் கொலம்பியாப் பல்கலைக்கழகம் வரை கொண்டுசென்றது. 1890களில் மகர் மக்களைப் படையில் சேர்ப்பதை ஆங்கிலேயர் நிறுத்தினர். வேலை மட்டுமா போயிற்று? பள்ளியும் போயிற்று.

அதே கொலம்பியாவில் இன்று, பட்டம் பெறும் முன்னாள் படைவீரர்களைத் தனியே அழைத்துச் சிறப்பிக்கின்றனர். போர்வீரரின் கல்விச் செலவை அரசே ஏற்க வழிசெய்த அமெரிக்கச் சட்டம் 1944இல் வந்தது. ஆயினும் தென்மாநிலங்களில் வெள்ளையர் கல்லூரிகள் கறுப்பின வீரர்களுக்குக் கதவு திறக்கவில்லை. ஒரே போர், திரும்பி வந்தபின் இரு வாசல்! நமக்கு இது புதிய கதையன்று.

நம் நாட்டில், பத்தாம் வகுப்புத் தேறி, 15 ஆண்டு பணிபுரிந்து, படைக் கல்விச் சான்றிதழும் பெற்றவரை நடுவண் அரசின் 'சி' பிரிவுப் பணிகள் சிலவற்றுக்குப் பட்டதாரிக்கு நிகராகக் கொள்கின்றனர். அச்சலுகை வேலைக்கு உதவும். முதுகலை வகுப்பில் சேர உதவாது. இச்சகோதரர்கள் அதனோடு நில்லாமல், தம் பிள்ளைகளின் வயதினரோடு அமர்ந்து தேர்வெழுதினர். நான் வணங்குவது அதனையே.

விடுப்பில் வந்துள்ள தம்பிகள், எங்கே விண்ணப்பிப்பது, எவ்வளவு செலவாகும் என்பதை இவர்களிடமே கேட்டறிய வேண்டுகிறேன். மாலை வரை இங்கிருப்பார்கள்.