சாய்ந்தே நின்ற வீடு

 

கட்டடத் தொழிலில் இருப்பவன் எதைப் பேசுவான்? ஒரு வீட்டைப் பற்றித்தான். இங்கிலாந்தில் டட்லி நகருக்கு அருகே ஹிம்லி என்றொரு சிற்றூர். அங்கே 1765-இல் செங்கல்லால் ஒரு பண்ணை வீடு கட்டினார்கள். 1830 வாக்கில் அது பப் ஆயிற்று. பப் என்றால் வெறும் மதுக்கடைன்னு நினைச்சுடாதீங்க. 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம் அது. ஊர்க்காரர்கள் உட்கார்ந்து சாப்பிட்டு, கதை பேசும் இடம்.

அந்த வட்டாரம் முழுக்க நிலக்கரிச் சுரங்கம். வீட்டுக்கு அடியிலும் தோண்டிவிட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டில் மண் இறங்கி, கட்டடத்தின் ஒரு பக்கம் சுமார் 4 அடி தாழ்ந்தது. ஆனால் விழவில்லை! 'குரூக்கெட் ஹவுஸ்', அதாவது கோணல் வீடு என்றே பெயர் நிலைத்தது. உள்ளே கோலிக்குண்டை வைத்தால் மேட்டை நோக்கி உருள்வதுபோல் தெரியும். மாயம் ஒன்றுமில்லை. சுவரும் சன்னலும் சேர்ந்தே சாய்ந்திருப்பதால் கண் அவற்றையே நேர் என்று நம்பிவிடுகிறது. கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

1940-களில் ஆபத்தான கட்டடம், இடிக்க வேண்டும் என்றார்கள். ஒரு மதுபான ஆலை நிறுவனம் காப்பாற்றியது. நிமிர்த்தி அல்ல. முட்டுச்சுவரும் இரும்பு உத்திரமும் கொடுத்து, சாய்ந்தபடியே நிறுத்தினார்கள். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது.

2023 ஜூலையில் கைமாறியது. ஆகஸ்ட் 5 இரவு தீப்பிடித்தது. 7-ஆம் தேதி இயந்திரம் வந்து தரைமட்டமாக்கிவிட்டது. மேல்தளத்தின் சில பகுதிகளை இறக்கத்தான் பேசியிருந்தோம், முழுதும் இடிக்க அல்ல என்றது உள்ளூர்க் கவுன்சில். இத்தனை புகழ் இருந்தும், தேசியப் பாதுகாப்புப் பட்டியலில் அந்த வீடு இல்லை. அதுதான் மனசை உறுத்துகிறது.

தீக்கு முன் இருந்தபடியே மூன்றாண்டுக்குள் திரும்பக் கட்ட வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் கவுன்சில் நோட்டீஸ் கொடுத்தது. உரிமையாளர் தரப்பு மேல்முறையீடு செய்தது.

இருந்தபடியே என்றால் அந்த 4 அடியோடு! முன்பு மண் தானாகச் செய்ததை இனி கணக்குப் போட்டு, வரைபடம் போட்டுச் செய்தாக வேண்டும். அஸ்திவாரம் நேராக இருந்து சுவர் சாய வேண்டுமா, இல்லை அஸ்திவாரமே சாய வேண்டுமா? சிவில் மாணவர்கள் யாராவது வரைந்து பார்த்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.