வீட்டுக் கொல்லையில் ஒரு பாத்தி

(மலாக்கா வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கூலி உயர்வைப் பற்றிப் பேச வேண்டிய மேடையில் இவன் கீரையைப் பற்றிப் பேசுகிறானே என்று சிலர் நினைக்கலாம். இரண்டும் ஒரே அடுப்பைப் பற்றிய பேச்சுத்தான்.

1942 முதல் 1945 வரை, ஜப்பானியர் ஆட்சியில், வெளிநாட்டு அரிசி வரத்துக் குறைந்தது; ரப்பர் விலைபோகவில்லை. அந்நாளில் தோட்டத்து மக்களின் உயிரைப் பிடித்து வைத்தவை லயத்துக்குப் பின்னால் நட்ட மரவள்ளியும் கீரையுமே. அந்தக் கதையைக் கேட்காத வீடு நம்மில் உண்டா?

நம் மலாக்கா மண் மிகவும் உழைத்த மண். 19ஆம் நூற்றாண்டிலேயே இங்கு காட்டை அழித்துப் பெருவாரியாக மரவள்ளி பயிரிட்டார்கள். மண்ணின் சாரம் போனதும் வேறு காட்டுக்குப் போனார்கள். 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். மண்ணிலிருந்து எடுத்தவர் பலர். திருப்பிக் கொடுத்தவர் சிலர். ஆகவே, முதல் வேலை விதை போடுவதன்று. மண்ணுக்குச் சோறு போடுவது.

எப்படித் தொடங்குவது? பெரிதாக வேண்டாம். 4 அடி அகலம், 10 அடி நீளத்தில் ஒரே பாத்தி போதும். இரு பக்கமிருந்தும் கை எட்டும், மிதிக்க வேண்டியதில்லை. மரநிழல் விழாத இடமாகப் பாருங்கள். மழைநீர் தேங்காதபடி அரை அடி உயர்த்துங்கள். மக்கிய மாட்டெரு, ஆட்டெரு, சமையல் கழிவு, கொஞ்சம் அடுப்புச் சாம்பல் கலந்து இரண்டு வாரம் ஆறவிடுங்கள்.

பிறகு, வீட்டில் எது செலவாகிறதோ அதையே நடுங்கள். தண்டுக்கீரை ஒரு மாதத்தில் கைக்கு வரும். வெண்டை ஏறக்குறைய ஒன்றரை மாதம். கத்தரியும் மிளகாயும் பொறுமை கேட்கும். நாற்றுவிட்டுப் பிடுங்கி நடவேண்டும். கீரையை ஒரே நாளில் விதைத்துவிடாமல், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சமாக விதைத்தால் தொடர்ந்து கிடைக்கும். வேலியோரம் ஒரு முருங்கைக் கொம்பை ஊன்றுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. களைக்கொல்லி வந்த டின்னில் ஒருபோதும் தண்ணீர் எடுக்காதீர்கள், கழுவினாலும் வேண்டாம். தண்ணீர்த் தொட்டியை மூடி வையுங்கள். டிங்கிக் கொசு அதில்தான் பெருகும்.

தோட்டம் கைமாறி, தாமான் வீட்டுக்குப் போனவர்கள் மனந்தளர வேண்டாம். அடியில் ஓட்டையிட்ட பையிலும் வாளியிலும் மிளகாய் காய்க்கும்.

கடைசியாக ஒன்று. குடும்பமுள்ள தொழிலாளிக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் பயிருக்கு ஒதுக்க வேண்டும் என்று மலாயாவின் பழைய தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது. அதைத் தயவு என்று எண்ணாமல் உரிமை என்று எண்ணியவர்கள் நம் முன்னோர். "கொல்லையில்தான் காய் காய்க்கிறதே, கூலி ஏன் உயர வேண்டும்?" என்று எவராவது கேட்டால் சொல்லுங்கள்: காலையில் மரத்தடியில் சிந்திய வியர்வைக்குக் கூலி; மாலையில் கொல்லையில் சிந்திய வியர்வைக்குக் காய். ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கழிக்க எவருக்கும் உரிமையில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமையே மண்வெட்டியை எடுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கொரு பிடி விதை கொண்டு வாருங்கள், மாற்றிக்கொள்வோம்.