வைக்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி: இதை எப்போ எடுப்பீங்க?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றுத் திருத்தப்பட்டது.)



இன்னிக்கு எடுத்திருக்கிற விஷயத்தை நம்ம வீடுகள்ல சத்தமா பேச மாட்டோம். ஃப்ரெண்ட்ஸ் நடுவுல வந்தாலும் ஒரு ஜோக்கோட முடிஞ்சிடும். மார்பக இம்ப்ளான்ட். அதுலயும் அதை வைக்கிற ஆபரேஷன் பத்தி இல்ல, எடுக்கிற ஆபரேஷன் பத்தி. பஸ்ல இருந்தா ஹெட்ஃபோன் மாட்டிக்கோங்க. ஆனா கேளுங்க.

இது ஏதோ நடிகைகள் விஷயம்னு நினைச்சுடாதீங்க. மார்பகப் புற்றுநோய்க்காக மார்பகத்தை எடுத்த பெண்கள் பலருக்கும் இதே பொருளைத்தான் வைக்கிறாங்க. ரெண்டு பேரும் வேற வேற காரணத்துக்காக ஆபரேஷன் தியேட்டருக்குள்ள போறாங்க. உள்ள போற பொருள் ஒண்ணுதான். அது கெட்டுப் போற விதமும் ஒண்ணுதான்.

ஒரு உண்மைக் கதையில இருந்து ஆரம்பிக்கிறேன்.

தெற்கு பிரான்ஸ்ல, துலோன் நகரத்துக்குப் பக்கத்துல லா சேன் சுர் மேர்னு ஒரு கடற்கரை ஊர். அங்க 1991-ல் ழான் குளோத் மாஸ் என்பவர் ஒரு இம்ப்ளான்ட் கம்பெனி ஆரம்பிச்சார். சுருக்கமா பி.ஐ.பி.னு சொல்லுவாங்க. சிலிகோன் ஜெல் நிரப்பின இம்ப்ளான்ட்களைச் செஞ்சு உலகம் முழுக்க வித்தாங்க. மருத்துவத்துக்குன்னு அனுமதி வாங்கின ஜெல் ஒண்ணு இருந்தது. ஆனா பல வருஷமா அவங்க உள்ள ஊத்தினது அது இல்ல. தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான மலிவான சிலிகோனை வெச்சு, தாங்களே தயாரிச்ச ஒரு ஜெல். தரச் சோதனைக்கு ஆட்கள் வர்ற தேதி முன்னாடியே தெரியும். அந்த நாள்ல அந்த ஜெல் கண்ணுல படாம மறைச்சுடுவாங்க. சான்றிதழ் வந்துடும்.

மாட்டிக்கிட்டது எப்படின்னா, பிரான்ஸ்ல சர்ஜன்கள் ஒரு விஷயத்தைக் கவனிச்சாங்க: இந்தக் கம்பெனியோட இம்ப்ளான்ட் மட்டும் அளவுக்கு மீறிக் கிழியுது. 2010 மார்ச்ல அரசாங்கம் விற்பனையை நிறுத்துச்சு. 2011 டிசம்பர்ல, அந்த நாட்டுல இந்த இம்ப்ளான்ட் இருக்கிற சுமார் 30,000 பெண்களும், எந்தத் தொந்தரவும் இல்லைன்னாலும், அதை எடுத்துடுறது நல்லதுன்னு அரசாங்கமே பரிந்துரை பண்ணுச்சு. உலக அளவுல 65 நாடுகள்ல சுமார் 3 லட்சம் பெண்கள்னு அப்போ சொல்லப்பட்ட கணக்கு. 2013-ல் மார்சேய் நீதிமன்றம் மாஸுக்கு நாலு வருஷச் சிறைத் தண்டனை கொடுத்தது. 2019-ல் அவர் இறந்துட்டார்.

கதை இங்க முடியலை. ஒரு ராத்திரி செய்தியில, "உங்க உடம்புக்குள்ள இருக்கிறதை எடுத்துடுங்க"ன்னு அமைச்சர் சொல்றார். டி.வி. முன்னாடி உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்ணை நினைச்சுப் பாருங்க. அவங்க மனசுல முதல்ல வர்ற கேள்வி, "எனக்கு வெச்சது அந்தக் கம்பெனிதானா?" நிறைய பேருக்குப் பதில் தெரியாது. பத்து வருஷத்துக்கு முன்னாடி நடந்த ஆபரேஷன். கிளினிக் மூடியிருக்கும். ஃபைல் எங்கன்னு யாருக்கும் தெரியாது. ரெண்டாவது கேள்வி, "எடுத்தா நான் எப்படி இருப்பேன்?" மூணாவது, "யார் காசு குடுப்பாங்க?"

இந்த மூணு கேள்விக்காகத்தான் இந்த எபிசோட்.

முதல்ல உள்ள என்ன நடக்குதுன்னு பார்ப்போம். வெளிப் பொருள் ஒண்ணு உள்ள வந்தா, நம்ம உடம்பு அதைச் சுத்தி ஒரு மெல்லிய உறை கட்டும். டாக்டர்கள் அதைக் கேப்சூல்னு சொல்றாங்க. இது எல்லாருக்கும் நடக்கிறது, நோய் இல்ல. சிலருக்கு அந்த உறை தடிச்சு, சுருங்கி, இம்ப்ளான்ட்டை இறுக்க ஆரம்பிக்கும். மார்பகம் கெட்டியாகும், வடிவம் மாறும், வலிக்கும். இதை நாலு நிலையாப் பிரிக்கிறாங்க. முதல் நிலையில தொட்டா மென்மையா, பார்க்க இயல்பா இருக்கும். நாலாவதுல கல்லு மாதிரி ஆகி வலிக்கும். மூணு, நாலுன்னு வந்தா பெரும்பாலும் ஆபரேஷன் பேச்சு வரும்.

அடுத்தது கிழியறது. உப்புநீர் நிரப்பின இம்ப்ளான்ட் கிழிஞ்சா சில நாள்லயே தெரிஞ்சிடும். காத்துப் போன பலூன் மாதிரி அந்தப் பக்கம் சின்னதாயிடும், நீரை உடம்பு உறிஞ்சிக்கும். சிலிகோன் அப்படி இல்ல. ஜெல் அந்த உறைக்குள்ளயே நிக்கும். கண்ணாடியில ஒண்ணும் தெரியாது, கையிலயும் தட்டுப்படாது. வருஷக்கணக்கா கிழிஞ்ச இம்ப்ளான்ட்டோட சாதாரணமா வேலைக்குப் போயிட்டு வர்ற பெண்கள் இருக்காங்க. அதனாலதான் அமெரிக்காவோட எஃப்.டி.ஏ., சிலிகோன் வெச்சவங்க தொந்தரவு இல்லைன்னாலும் 5 அல்லது 6 வருஷத்துல முதல் தடவை அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. எடுக்கணும், பிறகு 2, 3 வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்கணும்னு சொல்லுது.

மூணாவது, அரிதானது, ஆனா தெரிஞ்சிருக்கணும். மேற்பரப்பு சொரசொரப்பா இருக்கிற சில இம்ப்ளான்ட்களைச் சுத்தி ஒரு வகை லிம்ஃபோமா வருது. இது மார்பகப் புற்றுநோய் இல்ல, நோய் எதிர்ப்பு மண்டலத்துல வர்ற புற்றுநோய். வெச்சுப் பல வருஷம் கழிச்சு ஒரு பக்கம் திடீர்னு நீர் கோத்து வீங்கும். சீக்கிரம் கண்டுபிடிச்சா, இம்ப்ளான்ட்டையும் உறையையும் முழுசா எடுத்தாலே பெரும்பாலானவங்களுக்குக் குணமாயிடும். இந்தக் காரணத்துக்காகத்தான் 2019-ல் அலெர்கன் கம்பெனியோட பயோசெல் வகை இம்ப்ளான்ட்களை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றாங்க. ஆனா அதை ஏற்கெனவே வெச்சிருக்கிற, எந்த அறிகுறியும் இல்லாத பெண்கள் உடனே எடுக்கணும்னு எஃப்.டி.ஏ. சொல்லலை. வித்தியாசத்தைக் கவனிங்க: வீக்கம் வந்தா ஒரு நாளும் தள்ளிப் போடாதீங்க. வீக்கம் இல்லைன்னா பயந்து ஓடாதீங்க.

சரி, எடுக்கிற ஆபரேஷன். முழு மயக்கம் குடுத்துச் செய்றது. பெரும்பாலும் பழைய தழும்பு வழியாவே உள்ள போவாங்க. இன்ஸ்டாகிராம்ல பார்த்திருப்பீங்க, "உறையோட சேர்த்து ஒரே துண்டா எடுக்கணும், இல்லைன்னா ஏமாத்துறாங்க"ன்னு. அந்த லிம்ஃபோமா இருந்தா அது சரி. மத்த எல்லாருக்கும் அது கட்டாயம் இல்ல. உறை விலா எலும்போட ஒட்டியிருந்தா, சுரண்டி எடுக்கும்போது ரத்தப்போக்கு வரலாம், நுரையீரலைச் சுத்தி காத்து புகுற ஆபத்தும் உண்டு. எவ்வளவு எடுக்கணும்னு முடிவு பண்ண வேண்டியது உங்க ஸ்கேனும் உங்க சர்ஜனும்தான், ரீல்ஸ் இல்ல.

எடுத்த பிறகு? பழைய உடம்பு அப்படியே திரும்பி வராது. இதை யாராவது நேரா சொல்லணும். இத்தனை வருஷம் தோல் விரிஞ்சிருக்கும், உள்ள இருந்த திசு அழுத்தத்துல மெலிஞ்சிருக்கும். அப்படியே விடலாம். தோலை இறுக்கி மேல தூக்கலாம். வயிறு, தொடையில இருந்து கொழுப்பை எடுத்து நிரப்பலாம். புது இம்ப்ளான்ட் வைக்கலாம். புற்றுநோய்க்காக மார்பகம் எடுத்தவங்களுக்கு இது இன்னும் கஷ்டம், ஏன்னா இம்ப்ளான்ட்டை எடுத்தா அங்க வேற எதுவும் இல்ல. சிலர் வயித்துத் திசுவை வெச்சு மறுபடி உருவாக்கிக்கிறாங்க. சிலர் போதும்னு தட்டையாவே மூடச் சொல்றாங்க. எது சரின்னு வெளியில இருந்து நாம யாரும் சொல்ல முடியாது.

இப்போ காசு. பிரான்ஸ்ல எடுக்கிற செலவை அரசுக் காப்பீடு ஏத்துக்கிச்சு, எல்லாருக்கும். ஆனா புதுசு வைக்கிற செலவு, புற்றுநோய்க்குப் பிறகு வெச்சவங்களுக்கு மட்டும். இங்கிலாந்துல தனியார் கிளினிக்ல வெச்சவங்களை முதல்ல அந்தக் கிளினிக்தான் பார்க்கணும்னு சொன்னாங்க. சில கிளினிக் மூடியிருந்தது, சிலது மறுத்தது. அப்போ அரசு மருத்துவமனை எடுத்துக் குடுக்கும், புதுசு வைக்காது. அதே ஆபரேஷன்ல நானே காசு கட்டிப் புதுசு வெச்சுக்கிறேன்னாலும் அனுமதி இல்ல. அதாவது புதுசு வேணும்னா ரெண்டாவது தடவை மயக்கம், ரெண்டாவது தடவை கத்தி. பக்கத்துல வேல்ஸ்ல மட்டும் புதுசையும் வெச்சுக் குடுக்கிறோம்னு சொன்னாங்க. ஒரே இம்ப்ளான்ட், ஒரே மோசடி. நீங்க எந்த ஊர்ல இருக்கீங்கன்றதைப் பொறுத்து உங்க உடம்போட கதி.

"அழகுக்காக வெச்சதுதானே, அனுபவிக்கட்டும்"னு அப்போவும் பேசினவங்க இருந்தாங்க. ஏமாத்தினது கம்பெனி. அந்தப் பெண் வாங்கினது, சான்றிதழ் இருக்கிற ஒரு மருத்துவப் பொருள். அவங்க என்ன காரணத்துக்காக வாங்கினாங்கன்றது இதுல வரவே வராது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு சில விஷயம் மாறுச்சு. யாருக்கு எந்த இம்ப்ளான்ட் வெச்சாங்கன்னு பதிவு பண்ற பட்டியல் 2016-ல் இங்கிலாந்துல வந்தது. 2021-ல் அமெரிக்காவுல ஒரு விதி வந்தது: வைக்கிறதுக்கு முன்னாடியே ஒரு செக்லிஸ்ட்டைப் பெண்ணோட உட்கார்ந்து படிக்கணும். கூடவே பெட்டி கட்டின எச்சரிக்கை: இம்ப்ளான்ட் வாழ்நாள் முழுக்க நிலைக்கிற பொருள் இல்ல. எவ்வளவு காலம் வெச்சிருக்கோமோ, சிக்கல் வர்ற வாய்ப்பும் அவ்வளவு கூடும்.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இதை வெச்சுக்கோங்க, வெச்சுக்காதீங்கன்னு சொல்ல நான் யாரு? உங்களுக்கோ, உங்க அக்காவுக்கோ, ஃப்ரெண்டுக்கோ அந்தப் பேச்சு வந்தா, வைக்கிற நாளுக்கு முன்னாடியே மூணு கேள்வி கேளுங்க. கம்பெனி பேரும் சீரியல் நம்பரும் இருக்கிற கார்டு என் கையில வருமா? எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்கேன், அதுக்கு யார் செலவு? நாளைக்கு எடுக்கணும்னு வந்தா யார் எடுப்பாங்க, எவ்வளவு ஆகும், பிறகு நான் எப்படி இருப்பேன்? பதில் சொல்லத் தயங்கற இடத்துல இருந்து எழுந்து வந்துடுங்க.

ஏற்கெனவே வெச்சிருக்கீங்களா? அந்தக் கார்டைத் தேடி எடுத்து, இன்னிக்கே ஒரு போட்டோ பிடிச்சு வெச்சுக்கோங்க. வலி, வீக்கம், வடிவ மாற்றம் எது இருந்தாலும் வெட்கப்படாம டாக்டரைப் பாருங்க. நான் டாக்டர் இல்ல, இது சிகிச்சை ஆலோசனையும் இல்ல.

யாருக்காவது இதை அனுப்பணும்னு தோணுச்சுன்னா, "சும்மா கேளு"ன்னு மட்டும் போட்டு அனுப்புங்க. காரணம் கேட்காதீங்க. அடுத்த வாரம் பார்ப்போம். வணக்கம்.