அந்தத் தாளை நாமே படிப்போம்

(வளவனூரில் பெண்களும் மாணவர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் தத்துவம் பேச வரல. ஒரு தாளைப் பத்திப் பேச வந்திருக்கேன். முழுகாம இருக்கிறவளுக்கு ஆரம்பத்திலேயே எடுக்கிற ஸ்கேன் தாள்.

என் தம்பி மனைவிக்கு ஏழாவது வாரம்னு கணக்கு. ஸ்கேன் எடுத்த இடத்தில் “துடிப்பு இல்ல, சுத்தம் பண்ணிடுங்க” என்று சொல்லி கவரைக் கையில் கொடுத்து அனுப்பிட்டாங்க. ஏன்னு இவங்க கேக்கல. ஆண்டை வாசலில் கைகட்டி நின்ன பழக்கம் ஆஸ்பத்திரி வாசலிலும் நம்மை விடல. ராத்திரி நான் தாளைப் பிரிச்சேன். கருவின் நீளம் 3 மி.மீ. அடியில் ஆங்கிலத்தில், பத்து நாள் கழித்து மறுபடி பார்க்கவும் என்று இருந்தது. வாய் சொன்னது ஒண்ணு, தாள் சொன்னது ஒண்ணு. பதினோராம் நாள் வேறு இடத்தில் பார்த்தோம். துடிப்பு இருந்தது. அந்தப் பிள்ளை இப்ப ரெண்டாவது படிக்குது.

தாளில் என்ன இருக்கு? எல்.எம்.பி. என்றால் கடைசி மாதவிலக்கின் முதல் நாள். முழுகின நாள் இல்ல. வாரக் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குது. நடவு, களையெடுப்புன்னு ஓடுறவளுக்குத் தேதி நினைப்பிருக்காது. மாதவிலக்கு முறையா வராதவளுக்குக் கணக்கே பிசகும். ஜி.எஸ். என்பது கரு வளரும் நீர்ப்பை. சி.ஆர்.எல். என்பது தலையிலிருந்து புட்டம் வரை கருவின் நீளம். எஃப்.எச்.ஆர். இதயத் துடிப்பு. அது ஆறாவது வாரத்தை ஒட்டித்தான் தெரிய வரும். வயித்து மேல வச்சுப் பார்த்தா இன்னும் சில நாள் பிந்தும்.

முன்பெல்லாம் உள்வழி ஸ்கேனில் 5 மி.மீ. கருவுக்குத் துடிப்பு இல்லையென்றால் கரு போய்விட்டது என்றார்கள். உயிருள்ள கருவும் அதில் பலியாகலாம் என்று தெரிந்து, 2012இல் அமெரிக்க ஸ்கேன் நிபுணர்கள் கூடி எல்லையை 7 மி.மீ. ஆக்கினார்கள். கருவே தெரியாத வெறும் நீர்ப்பை என்றால் சராசரி விட்டம் 25 மி.மீ. அதற்குக் கீழே இருந்தால் ஒரே ஸ்கேனை வைத்து முடிவு கட்டக் கூடாது; ஒன்றிரண்டு வாரத்தில் மறுபடி பார்க்கணும். படித்தவர்களே திருத்திக்கொண்ட கணக்கை நாம் கேட்டால் என்ன குத்தம்?

எல்லாக் கருவும் நிக்காது. நிக்கலேன்னா அது அவ குத்தமும் இல்ல. ஆனா ஒண்ணு: சிறுநீர்ச் சோதனையில் கர்ப்பம்னு வந்து, கருப்பைக்குள் எதுவும் தெரியலேன்னா அன்றைக்கே டாக்டரைப் பார்க்கணும். கரு குழாயில் தங்கியிருக்கலாம். அடிவயித்து வலி, மயக்கம், உதிரப்போக்கு இருந்தால் ராத்திரியானாலும் முண்டியம்பாக்கமோ ஜிப்மரோ போயே ஆகணும்.

1928இல் பம்பாய் சட்டமன்றத்தில், ஆலைப் பெண்களின் பேறுகால நல மசோதாவை ஆதரித்து அம்பேத்கர் பேசினார். பேறுகாலம் நமக்கு அன்றைக்கே அரசியல்.

மாணவர்களே, நம்ம தெருப் பெண்கள் ஸ்கேனுக்குப் போகும்போது கூடப் போங்க. மூணு கேள்வி கேளுங்க: எத்தனை மி.மீ.? மேல பார்த்ததா, உள்வழியா? மறுபடி எப்போ பார்க்கணும்? பதில் வரும்வரை நாற்காலியை விட்டு எழாதீங்க.

ஜெய்பீம்.